பாலாவியில் திரும்பாத பஸ்

என் மகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று அவளுடைய டீச்சர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம். எனக்கு எதற்கும் கோபம்தான் முந்திக்கொண்டு வரும். பயம் பின்னால் மெதுவாக வந்து உட்காரும். உட்கார்ந்துவிட்டால் பிறகு லேசில் எழும்பாது.

பெற்றோர் கூட்டம் முடிந்திருந்தது. மற்றத் தாய்மார் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்னை மட்டும் வகுப்புக்குள் கூப்பிட்டு, பிள்ளைகள் இருக்கிற சின்னக் கதிரையில் இருத்தினார். முழங்கால் நாடியில் இடிக்கிற மாதிரி நான் குந்திக்கொண்டிருந்தேன்.

"குறை நினைக்காதீங்க அம்மா. பிள்ளை இப்ப மூண்டாம் ஆண்டு. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வாசிக்கிறதக்கூட இவவுக்கு வாசிக்க ஏலாம இருக்கு. எழுத்துகளே பிடிபடேல்ல."

"என்ன டீச்சர் கதைக்கிறீங்க? ஒவ்வொரு நாளும் பின்னேரம் எனக்கு வாசிச்சுக் காட்டுறாள். புத்தகம் முழுக்க வாசிப்பாள். இஞ்ச பயத்தில வாய் திறக்காம நிண்டிருப்பாள்."

"நான் அடிக்கிறேல்ல அம்மா."

"நீங்க அடிக்கிறீங்க எண்டு நான் சொன்னனா?"

பாவம், அந்த டீச்சர் சின்ன வயது. முகம் சிவந்து போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள், அதில் ஒன்றும் இல்லையென்றால் வேறு டாக்டருக்குக் காட்டச் சொல்வார்கள், தேவைப்பட்டால் வேறொரு பள்ளிக்கூடத்தில் இப்படியான பிள்ளைகளுக்கென்று விசேட வகுப்பு ஒன்று இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். அந்தக் கடைசிச் சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். எங்கள் ஊரில் அந்த வகுப்புக்கு வேறொரு பெயர் இருக்கிறது. அதை நான் எழுத மாட்டேன்.

எங்கள் ஊர் கல்பிட்டிக்குப் பக்கத்தில் கண்டக்குழி. என் மனுசன் கடலுக்குப் போகிறவர். காற்றுக் காலத்தில் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் ஓட வருகிற வெள்ளைக்காரர் தங்குகிற விடுதியொன்றில் நான் சமையல். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வேத வாசகம் வாசிப்பதும் நான்தான். மைக்குக்கு முன்னால் நின்று நான் வாசித்தால் கடைசி வாங்கில் இருக்கிற காது மந்தமான ஆளுக்கும் விளங்கும் என்று பங்குச் சுவாமியே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளைக்கு எழுத்துத் தெரியாதாம். வழி நெடுக டீச்சரை ஏசிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் வராததுமாக மகளைக் கூப்பிட்டேன். "புத்தகத்தை எடுத்துக்கொண்டு வா. மழைப் பாடத்த வாசி."

வாசித்தாள். மழை வந்தது, குளம் நிரம்பியது, தவளை கத்தியது, தம்பி கப்பல் விட்டான். ஒரு இடத்திலும் தடக்கவில்லை. விரலை வரிக்குக் கீழே வைத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மைக்குக்கு முன்னால் நான் வாசிக்கிற மாதிரியே வாசித்தாள். வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மனுசன் சிரித்தார்.

"டீச்சரைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும்."

நானும் சிரித்தேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் அப்போது கவனித்தும் கவனிக்காமல் விட்டேன்.

அடுத்த கிழமையில் ஒரு பின்னேரம். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், காற்றுக் காலத்தில் கொடியில் உடுப்புப் போட்டால் கிளிப்போடு பிடுங்கிக்கொண்டு போகும். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மகள் கதவடியில் இருந்து மழைப் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு காற்று உள்ளே அடித்தது. புத்தகத்தின் தாள்கள் படபடவென்று புரண்டன. அவள் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து வாசித்தாள். தவளை கத்தியது. தம்பி கப்பல் விட்டான். புத்தகத்தில் திறந்து கிடந்தது தபால்காரர் பாடம். விரல் தபால்காரரின் சைக்கிளுக்குக் கீழே வரிவரியாகப் போனது. வாய் மழையில் நின்றது.

சுளகு என் கையில் அப்படியே நின்றுவிட்டது. 

எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குச் செபத்தைப் புத்தகம் பார்த்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. எல்லாம் வாய்ப்பாடம். பொழுதுபட்டதும் பாய் விரித்து முழங்காலில் நிற்போம். ஒருவர் முன்னால் சொல்வார், மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். மூன்று வயதுப் பிள்ளை மாதாவின் மன்றாட்டுமாலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் பிசகாமல் சொல்லும். பாடப் புத்தகத்தையும் நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். நான் ஒரு வரி, அவள் ஒரு வரி. என் அம்மா எனக்குச் செய்ததும் அதுதான். கண்டக்குழியில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் படித்தோம் என்பார்கள். எங்களுக்கெல்லாம் எழுத்து எப்படியோ கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. இவளுக்கு ஒட்டவில்லை. இவள் மூன்றாம் ஆண்டுத் தமிழ்ப் புத்தகம் முழுவதையும் மன்றாட்டுமாலை மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தாள்.

புத்தகத்தைப் பிடுங்கி ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்தேன். "இது என்ன?"

அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "க...?" என்று இழுத்தாள். என் புருவம் நெரிந்திருக்க வேண்டும். "ப...?" என்றாள். "இல்ல, ம." என் முகத்தில் எது தெரிகிறதோ அதை வைத்துத்தான் அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த எழுத்து ட. வீட்டுக்குள் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் ரேடியோவைக் கூட்டி வைத்தார்கள்.

அதற்குப் பிறகு பயம் என்னை விட்டு எழும்பவே இல்லை. விடுதியில் மீன் பொரித்துக்கொண்டு நிற்பேன், திடீரென்று நினைப்பு வரும். நாளைக்கு இவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை யார் வாசித்துச் சொல்வது? எவனாவது ஒரு கடதாசியை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிடுவாளே. நான் இல்லாத நாளில் இவள் என்ன செய்வாள்? மீன் கருகும். விடுதிக்காரர் சத்தம் போடுவார். நான் அடுப்பைக் குறைப்பேன். நினைப்பைக் குறைக்க ஏலாது.

மனுசனும் பயந்துதான் போயிருந்தார், ஆனால் அவருடைய பயம் பகிடியாகத்தான் வெளியில் வரும். "எனக்கும் பெரிசா வாசிக்க வராது. மீன் என்னைப் பேப்பர் வாசிச்சுக் காட்டச் சொல்லியா கேக்குது?"

"அவள் மீன் பிடிக்கவா போகப் போறாள்? வாயை மூடிக்கொண்டு இரு."

ஒவ்வொரு பின்னேரமும் அவளை இழுத்து வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. கத்தினேன். பயந்த மாடு கட்டையைச் சுற்றி ஓடுகிற மாதிரி அந்தப் பன்னிரண்டு உயிரெழுத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். நேற்றுத் தெரிந்தது இன்றைக்குத் தெரியாது. காலையில் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுகிற நேரம் வயிற்றுக்குள் குத்துகிறது என்று அழுவாள். வெள்ளைச் சட்டையோடு சத்தி எடுப்பாள். சட்டையை மாற்றி அனுப்புவேன். அனுப்பாமல் விட்டால் இன்னும் பின்னால் போய்விடுவாளே என்று பயம், அனுப்பினால் வகுப்பில் சிரிப்பார்களே என்று பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான்.

கடைசியில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒன்றும் குறையாக நடக்கவில்லை. கண்ணைப் பார்த்தார்கள், நல்ல கண். காதைப் பார்த்தார்கள், நல்ல காது. சிங்கள டாக்டர் ஒருவர் என் சிங்களத்தைப் பொறுமையாகக் கேட்டார். எழுத்தும் தெரியாது, ஒன்றும் தெரியாது, எல்லாம் வாய்ப்பாடம் டாக்டர் என்று பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லி முடித்தேன். புத்தி நன்றாகத்தான் இருக்கிறது, சில பிள்ளைகளுக்கு எழுத்து மட்டும் பிடிபடச் சுணங்கும், அதற்கென்று சொல்லிக் கொடுக்கிற முறை இருக்கிறது, அடுத்த மாதம் அதைப் பார்க்கிற ஆள் வருவார், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். பயப்படவேண்டாம் என்றும் சொன்னார். நன்றாகச் சொன்னார் போங்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது பள்ளிக்கூடங்கள் விட்டுவிட்டன. வெயில் கொளுத்தியது. ஒவ்வொரு பஸ்ஸிலும் சனம் தொங்கிக்கொண்டு நின்றது. கல்பிட்டிப் பக்கம் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் இது பழக்கம்: பிள்ளையை முதலில் ஏற்றிவிடுவோம். பிள்ளை பெரியவர்களின் இடுப்புக்குக் கீழால் நுழைந்து போய் ஒரு சீட்டில் இருந்து, பக்கத்துச் சீட்டில் பையை வைத்து இடம் பிடிக்கும். நாங்கள் சாமான் வாங்கிக்கொண்டு ஆறுதலாக வந்து இருப்போம். பிள்ளை வைத்த பைக்கு எல்லாரும் மரியாதை கொடுப்பார்கள். என் மகள் இதில் கெட்டிக்காரி. நடக்கத் தொடங்கின காலத்திலிருந்து எனக்குச் சீட் பிடித்துத் தருகிறவள்.

"இந்தா பேக். ஏறிச் சீட் பிடி. அம்மா பாண் வாங்கிக்கொண்டு வாறன்."

எந்த பஸ் என்று நான் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவள் தலையாட்டிவிட்டு ஓடினாள். நான் பாணும் கொஞ்சம் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்து கல்பிட்டி பஸ்ஸில் ஏறினேன். அவள் இல்லை. ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தேன். குனிந்து சீட்டுகளுக்குக் கீழேயும் பார்த்தேன். இறங்கிப் பின்னால் போனேன், முன்னால் வந்தேன். பெயர் சொல்லிக் கத்தினேன். சனம் திரும்பிப் பார்த்தது. அவளுடைய குரல் மட்டும் வரவில்லை.

"சின்னப் புள்ளயா? இதுல ஏறல்லயே," என்றார் கொண்டக்டர்.

பக்கத்தில் பஸ் நின்ற இடங்கள் இரண்டு வெறுமையாகக் கிடந்தன. நான் பாண் வாங்கிய நேரத்துக்குள் இரண்டு பஸ் போயிருந்தன. புத்தளம் ஸ்டாண்டிலிருந்து மன்னாருக்கும் பஸ் போகிறது, அநுராதபுரத்துக்கும் போகிறது, கொழும்புக்கும் போகிறது.  போன் அவளிடம் கொடுத்த பைக்குள். பாண் நிலத்தில் விழுந்து கிடந்ததை யாரோ எடுத்து என் கையில் தந்தார்கள். கொண்டக்டருடைய போனை வாங்கி என் நம்பருக்கு அடித்தேன். கனநேரம் அடித்தது. வீட்டில் அம்மாவின் போனைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருப்பதும் நான்தான். எடு மகள், எடு மகள், அன்னம்மா தாயே அவளை எடுக்கச் சொல்லு.

எடுத்தாள்.

"மகள்! எங்க நிக்கிறாய்?"

"பஸ்ல இருக்கிறன் அம்மா."

"எந்த பஸ்? பஸ் ஓடுதா?"

"ஓம்."

"என்ன பஸ் எண்டு பாத்தியா? போர்ட்ல என்ன எழுதியிருந்திச்சு?"

 எஞ்சின் சத்தம் கேட்டது. யாரோ இருமுவது கேட்டது.

"வாசிச்சுத்தானே ஏறினாய்? சொல்லு மகள்!"

"ஓம் அம்மா. வாசிச்சன். கல்பிட்டி எண்டு இருந்திச்சு."

நான் நம்பினேன். காலையில் டாக்டருக்கு முன்னால் இருந்து இவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்று சொன்ன அதே நான் நம்பினேன். பயம் பிடித்த ஆளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தால் போதும், அது எதில் கட்டியிருக்கிறது என்று பார்க்கிறதில்லை. கொண்டக்டரும் இதற்கு முந்தின கல்பிட்டி பஸ் இப்போதுதான் வெளிக்கிட்டது என்றார். "எழும்பாம இரு, அம்மா பின்னால வாறன்," என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஒரு ஆட்டோவில் ஏறினேன்.

ஆட்டோக்காரர் தாடி நரைத்த முஸ்லிம் ஆள். விசயத்தைச் சொன்னதும் மறு கதை கதைக்காமல் எடுத்தார். "அழாதீங்க தங்கச்சி. பாலாவியத் தாண்ட முந்தி புடிச்சிடலாம், இன்ஷா அல்லாஹ்."

பாலாவிச் சந்தியைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தளத்திலிருந்து தெற்கே வருகிற எல்லா பஸ்ஸும் அதுவரைக்கும் ஒரே ரோட்டில்தான் வரும். அங்கே கல்பிட்டி பஸ் வலப்பக்கம் திரும்பும். சிலாபம், கொழும்பு போகிறவை நேரே போகும். நாங்கள் அங்கே வந்தபோது பஸ் திரும்பிப் போய்விட்டிருந்தது. உப்பளங்களைத் தாண்டி கல்பிட்டி ரோட்டில் விரட்டிப் போனோம். ஒரு கடையடியில் ஆள் இறக்க பஸ் நின்றது. ஆட்டோ நிற்க முந்தியே நான் குதித்து ஓடி ஏறினேன்.

அவள் அதிலும் இல்லை.

அந்த பஸ்ஸில் இருந்த முகங்கள் எனக்கு இன்றைக்கும் ஞாபகம். சந்தைக்குப் போய் வருகிற பெண்கள், நுரைச்சோலை மின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிற ஆண்கள். எல்லாரும் என்னைப் பேயறைந்த ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள். இறங்கி வந்தேன்.  ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய போனை நீட்டினார். அடித்தேன். அடித்து முடிந்தது. எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். ரோட்டோரம் குந்திவிட்டேன். யாராவது பையைப் பறித்திருப்பான், யாராவது கையைப் பிடித்து இறக்கியிருப்பான். எட்டு வயதுப் பொம்பிளைப்பிள்ளை. வாய்க்குள் என்ன செபம் ஓடியது என்று எனக்கே தெரியாது.

மூன்றாம் தரம் எடுத்தாள்.

கத்தாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "மகள். பஸ் பாலாவியில திரும்பினதா?"

"...இல்ல."

"திரும்பேல்லயா?"

"நேரா வந்திட்டுது." குரல் நூல் மாதிரி மெலிந்திருந்தது. "கன நேரம்."

"போனைப் பக்கத்தில இருக்கிற பெரிய ஆளிட்டக் குடு. இப்பவே குடு."

சிங்கள அம்மா ஒருவர் போனை வாங்கினார். சிலாபம் பஸ், மதுரங்குளி வருகிறது, பிள்ளை தனியாகவா வருகிறாள், கடவுளே என்றார். நான் சிங்களத்தையும் தமிழையும் கலந்து அழுதேன். அவர் கொண்டக்டரிடம் சொல்லி மதுரங்குளியில் பிள்ளையோடு தானும் இறங்கி நிற்பதாகச் சொன்னார். அவர் போகவேண்டிய ஊர் அதற்கு அங்கால். அந்த மனுசிக்கு நான் ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை.

பாலாவிக்குத் திரும்பி வந்து மதுரங்குளிக்குப் போய்ச் சேரும் வரைக்கும் நான் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடியே நின்ற மாதிரித்தான் இருந்தேன். அங்கே ஒரு டயர்க் கடைக்கு முன்னால் வாங்கில் இருவரும் இருந்தார்கள். மகள் பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போனேன். என் கை உயர்ந்தது. ஏன் உயர்ந்தது என்று கேட்காதீர்கள், பயத்துக்கு என்னிடம் வேறு வழி இருக்கவில்லை. அவள் விலகவில்லை, அழவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கன்னத்தை எனக்கு நேராகத் திருப்பி வைத்தாள். வாங்க வேண்டியதை வாங்கி முடித்துவிடலாம் என்கிற மாதிரி. என் கை அப்படியே கீழே விழுந்தது. அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நடு ரோட்டில் ஒப்பாரி வைத்தேன். டயர்க் கடைக்காரன் தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

சிங்கள அம்மாதான் சொன்னார். பஸ்ஸில் நிற்க இடமில்லாத சனமாம். இவள் பக்கத்துச் சீட்டில் பையை வைத்துக்கொண்டு ஒருவரையும் இருக்க விடவில்லையாம். யார் வந்து கேட்டாலும், அம்மா எனவா, அம்மா எனவா, அம்மா வருகிறா என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். தாய் முன்பக்கம் சனத்துக்குள் நிற்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். மதுரங்குளியில் இறக்கும்வரை அந்தச் சீட் வெறுமையாகவே வந்ததாம்.

ஆட்டோவில் என்னோடு ஒட்டி இருந்தாள். நான் மெதுவாகக் கேட்டேன். "ஏன் மகள் அந்த பஸ்ல ஏறினாய்?"

"முன்கண்ணாடியில அன்னம்மா படம் இருந்திச்சு. அன்னம்மா பிள்ளைக்குப் புத்தகம் காட்டிப் படிப்பிக்கிற படம். எங்கட பஸ்ல அதுதானே இருக்கும்."

எங்கள் ஊர்ப்பக்கம் ஓடுகிற பஸ்ஸில், மாதாவைப் பெற்ற தாயான தலவிலக் கோயில் அன்னம்மாவின் படம் ஒட்டியிருக்கும். சிலாபத்தில் இல்லாத கத்தோலிக்கரா? அங்கத்தைய பஸ்ஸிலும் ஒட்டியிருப்பார்கள். இவ்வளவு காலமும் இவள் எனக்குச் சீட் பிடித்துத் தந்தது அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

"பாலாவியில திரும்பேல்ல எண்டு கண்டாய்தானே. ஏன் ஆரிட்டயும் சொல்லேல்ல?"

"சிரிப்பாங்க."

"வாசிச்சன் எண்டு ஏன் அம்மாவிட்டப் பொய் சொன்னாய்?"

அவள் பையின் வாரை முறுக்கினாள். "வாசிக்கேல்ல எண்டு சொன்னா ஏசுவீங்க."

முன்னால் ஆட்டோக்காரர் ஒன்றும் கேட்காதவர் மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு எங்கே போகிறதென்று தெரியாத பஸ்ஸுக்குள் இருக்கப் பயம்தான், ஆனால் அதைவிட என்னிடம் சொல்லப் பெரிய பயம். வகுப்பிலும் மூன்று வருசமாக இவள் இப்படித்தான் இருந்திருக்கிறாள், திரும்ப வேண்டிய இடமெல்லாம் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல். எனக்கு அவளைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது.

"இனித் தெரியாட்டி, தெரியாது எண்டு சொல்லு. அம்மா ஏச மாட்டன்."

அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்?  பிறகு வெளியே ஒரு கடையின் போர்டை விரலால் காட்டினாள். "அது தெரியாது," என்று சொல்லிவிட்டுச் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி," என்றேன்.

"அதும் தெரியாது." அது பாமசி, மருந்துக் கடை.

"சரி மகள்."

"அதும்." ஒரு பாடசாலையின் பெயர்ப் பலகை. "அதும். அந்தப் பெரிசும்." வங்கி, பள்ளிவாசல், தேங்காய் எண்ணெய்க் கடை, கோயில் திருவிழா அறிவிப்பு. மூன்று மொழியிலும் எழுதியிருந்தது, அவளுக்கு மூன்றும் ஒன்று. குரல் வர வர விரைவாகியது. ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினாள், தெரியாது, தெரியாது, தெரியாது. ஏதோ சில எழுத்துத்தான் பிசகு என்று அதுவரைக்கும் எனக்குள் ஒரு நினைப்பு ஒளிந்து கிடந்திருக்கிறது. மதுரங்குளியிலிருந்து வந்த அந்த ரோட்டில் அவளுக்குத் தெரிந்தது ஒரு போர்டும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நான் பட்ட பயம் இதற்குக் கிட்ட வராது. ஆட்டோக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பாலாவிச் சந்தி வந்தது. கல்பிட்டி என்று எழுதிய பெரிய பச்சைப் பலகைக்குக் கீழே ஆட்டோ வேகத்தைக் குறைத்தது. அவள் அதைக் காட்ட விரலைத் தூக்கினாள். என் கன்னம் நனைந்திருந்ததைக் கண்டிருக்க வேண்டும். விரலை மடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஏசப் போறீங்களா?"

"இல்ல மகள். காட்டு."